மத்தூரில் வெளுத்த பூங்கார்

"ஓசூர், 15-10-86. மச்சான் அவர்களுக்கு ராஜேந்திரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. மல்லிகாவும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் பால் போதவில்லை. குழந்தையின் எடை ஏறவில்லை, இறங்குகிறது. 27ஆம் தேதி திங்கட்கிழமை மறுபடி எடை பார்ப்பார்களாம். அன்றும் ஏறவில்லை என்றால் டின் பால் ஆரம்பித்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். மல்லிகா அழுதுகொண்டே இருக்கிறாள். பூங்கார் அரிசிக் கஞ்சி கொடுக்கச் சொல்லி எங்கள் அம்மா எழுதியிருக்கிறார்கள். இங்கே எந்தக் கடையிலும் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் இல்லை. கிடைத்தால் நெல்லாகவே கொண்டு வரவும். அரிசியாகக் கொண்டுவந்தால் வழியில் வண்டு விழும்."

இந்த இன்லண்ட் கடிதம் சனிக்கிழமை நாகப்பட்டினத்தில் என் கைக்கு வந்தது. தங்கை அழுததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மூத்தவள் கலாவை டின் பாலில்தான் வளர்த்தார்கள். அவர்கள் குடியிருப்பில் தொட்டித் தண்ணீர். குழந்தைக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து, மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் பால் புட்டியே இருக்கக் கூடாது என்றிருந்தாள் மல்லிகா.

பூங்கார் என்ற அந்தச் சிவப்பரிசி நெல் கிடைப்பது எங்கள் பக்கத்திலேயே அவ்வளவு சுலபமாக இல்லை. எல்லா வயலிலும் ஐ.ஆர். இருபதும் பொன்னியும்தான். கீவளூருக்கு அப்பால் ஒருவர் தண்ணீர் தேங்கும் மூலை ஒன்றில் வீட்டுச் செலவுக்காக அதை விதைத்திருந்தார். அரை மூட்டைக்குக் குறைவாகக் கொடுத்தார். "பிள்ளை பெத்தவளுக்குன்னா காசு வேண்டாம்" என்றார்.

இந்த நெல்களைப் பற்றி நான் படித்தும் கேட்டும் எழுதி வைத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருங்குறுவையைச் சித்த வைத்தியர்கள் மருந்துக் கஞ்சிக்கும் லேகியத்துக்கும் கேட்பார்கள். மாப்பிள்ளைச் சம்பா உடல் வலுவுக்கு என்பார்கள். காட்டுயானத்தைச் சர்க்கரை வியாதிக்காரர்கள் தேடுகிறார்கள். பூங்கார் கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும். இவை எல்லாம் வழிவழியாகச் சொல்லப்படுபவை. சோதித்துப் பார்த்த விவரம் எதுவும் என் கையில் கிடைத்ததில்லை. சோதித்து நிலைநாட்டப்பட்டது ஒன்று உண்டு. போன நூற்றாண்டின் கடைசியில் ஜாவாத் தீவில், தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்ததும் எழுந்து நடந்தன. சத்து தவிட்டில் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. சிவப்பு அரிசியின் சிவப்பும் அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது. இதை முன்னதாகவே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு.

திங்கட்கிழமை காலை, ஓசூருக்குப் போகும் வழியில் உள்ள சாமல்பட்டி ஸ்டேஷனில் மூட்டையோடு இறங்கினேன். தூறல். எங்கள் ஊர் மழைக்கு ஓர் அவசரம் உண்டு. இங்கே அது யோசித்து யோசித்துப் பெய்தது. பாறைக்குன்றுகள், புளியமரங்கள், அவற்றுக்கு நடுவே கேழ்வரகு. கண்ணுக்கு எட்டிய தூரம் நெல் இல்லை. ஸ்டேஷன் வாசலில் சூடாக விற்ற வேர்க்கடலையை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மத்தூருக்குப் பஸ் ஏறினேன். மூட்டையில் ஒரு பொத்தல் இருந்திருக்கிறது. பஸ் குலுங்கக் குலுங்க நெல் ஒழுகி, முன் சீட்டுக்காரியின் கூடைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"ஏங்க, உங்க நெல்லு எங்கூட வருதுங்க, பரவால்லீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. கூடையைக் கவிழ்த்து நெல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பொத்தலை அடைக்கத் தன் கூடையில் இருந்த துணியையும் கிழித்துக் கொடுத்தார்.

மத்தூரில் ஜமால் பாய் காத்திருந்தார். அவர் அரிசி, புளி வியாபாரி. வருடம் ஒருமுறை நாகூருக்குக் குடும்பத்தோடு வருவார்; அப்போது எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நெல்லை அரைத்துத் தரக் கேட்டு அவருக்குத் தந்தி கொடுத்திருந்தேன். ஓசூரில் இவ்வளவு சின்ன மூட்டையை, அதுவும் சிவப்பு நெல்லை, மில்லில் வாங்க மாட்டார்கள் என்பது அவர் அபிப்பிராயம். சிவப்பு அரைத்தால் மெஷினுக்குள் தங்கும் சிவப்பு மணிகள் அடுத்தவர் அரிசியில் கலந்துவிடும், சண்டை வரும். மத்தூர் மில்காரர்கள் அவருக்கு வேண்டியவர்கள். ஓட்டுபவர் மாதையன்.

மாதையன் ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "கடைசி ஓட்டத்துல போடறேன் சார். அப்பறம் மெஷினைக் கழுவி உட்டுக்கலாம்."

"பிள்ளை பெத்த வீட்டுக்குப் போவுது மாதையா. பார்த்து அரைச்சுக் குடு" என்றார் பாய்.

"நீங்க சொல்லோணுமா பாய்? நம்ம வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சு அரைக்கறேன்."

மின்சாரம் சாயங்காலம்தான் வந்தது. நாங்கள் பாய் வீட்டில் இருந்தோம். இரவுச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களி, கறிக் குழம்பு. களியைப் பிட்டு, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். நான் மென்றேன். பாயின் மனைவி ஜைனம்பு வாய்விட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போய், எனக்காகத் தனியாக வடித்த வெள்ளைச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தார். விருந்தாளிக்குச் சோறு, வீட்டாருக்குக் களி என்பது இங்கே வழக்கம் என்று அப்போது புரிந்தது. காய்ச்சல் வந்தாலும் சோறு, பண்டிகை வந்தாலும் சோறு. எங்கள் ஊரில் மூன்று வேளையும் தின்று அலுத்துப்போன பொருள் இங்கே மரியாதை.

பூங்காரைப் பற்றிப் பேச்சு வந்தது. மற்ற நெல்களையும் சொன்னேன். பாய் விரலை மடக்கினார். "மாப்பிள்ளைக்கு ஒண்ணு, பிள்ளை பெத்தவளுக்கு ஒண்ணு. மாமியாருக்கு ஏதாச்சும் உண்டா சார்? வாயைக் கட்டற மாதிரி?"

"எங்கம்மா உள்ளதான் இருக்காங்க" என்றார் ஜைனம்பு.

பாய் அதற்குப் பிறகு குழம்பைப் பற்றி மட்டுமே பேசினார்.

செவ்வாய்க்கிழமை காலை மில்லுக்குப் போனோம். மாதையன் மூட்டையின் வாயை அவிழ்த்துக் காட்டினார். நான் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். உள்ளே இருந்தது வெள்ளை வெளேரென்ற அரிசி. தேடினால்தான் அங்கங்கே மெல்லிய ரோஸ் கீறல் தெரிந்தது.

"மூணு தபா உட்டு எடுத்தேன் சார்" என்றார் மாதையன் பெருமையாக. "மொத தபா வெளிய வந்தப்ப ரத்தக் கலரு. இதைப் போயி பச்சை உடம்புக்காரிக்கு எப்பிடிக் குடுக்கறதுன்னு மனசு கேக்கல. பாருங்க இப்ப, மல்லிப்பூவாட்டம்."

"அடப்பாவி, அந்தச் சிவப்புதான்யா மருந்து" என்றார் பாய்.

மாதையனின் முகம் வாடிவிட்டது. "பார்த்து அரைன்னு சொன்னீங்களே பாய். பிள்ளை பெத்தவளுக்கு நாங்க வெள்ளைச் சோறும் மொளகு ரசமும்தானுங்களே குடுப்போம்? கூலிகூட வாங்கலீங்க. தவிட்டை மட்டும் எடுத்துக்கிட்டேன்."

தவிடு எங்கே என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். மில்லுக்குப் பின்னால் கட்டியிருந்த எருமையை நோக்கி அவர் கையைக் காட்டினார். அது மூக்கு நுனியெல்லாம் சிவப்பாக, மிகுந்த திருப்தியோடு நின்றது.

"எல்லாத்தையுமா?"

"இல்லீங்க, அதுக்கு ராத்திரி ஒரு கூடைதான் வெச்சேன். மீதி சாக்குல கெடக்குது. ஆனா சார், பொய் சொல்லக் கூடாது, அதுக்கு முந்தி அரைச்ச பொன்னித் தவிடும் அடியில இருக்கும்."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தன் ஊரில் ஒரு தாய்க்குச் செய்யக்கூடிய உச்சமான மரியாதையை அவர் செய்திருந்தார். பிழை என்னுடையதும்தான். எங்கள் வழக்கப்படி நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தால் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கியிருக்கும். தீட்டினாலும் அவ்வளவு நஷ்டம் இல்லை. அவசரத்தில் பச்சை நெல்லாகவே கட்டி எடுத்து வந்துவிட்டேன்.

சாக்கின் மேல்பகுதியில் இருந்த சிவப்புத் தவிட்டை மட்டும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஜைனம்பு அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இதுக்கு ஏன் சார் இப்பிடி மொகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு? சலிச்சு வறுத்துக் குடுக்கறேன். வறுக்கலேன்னா நாளைக்கே காறல் அடிச்சிரும். கேவுரு மாவுல பாதிக்குப் பாதி கலந்து, வெல்லம் போட்டுப் புட்டு அவிச்சா நல்லாருக்கும். மாட்டுத் தீனின்னு யாரும் வெளிய சொல்லிக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

இரண்டு முறை சலித்து, மணம் வரும்வரை இரும்புச் சட்டியில் வறுத்து, ஒரு டின்னில் போட்டு அழுத்தி மூடிக் கொடுத்தார். அன்றைய காலைப் பலகாரமும் அதுவே. கொஞ்சம் நறநறத்தது, மற்றபடி வறுத்த கடலை மாவின் மணம். கேழ்வரகைத் தவிடு நீக்காமல் முழுச் சத்தோடு தின்கிற ஓர் ஊர், அரிசியை மட்டும் வெளுக்கத் தீட்டுவது எனக்கு விந்தையாகப் பட்டது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் செய்கிறோம் என்பது அடுத்த வாய் புட்டுக்குப் பிறகு நினைவுக்கு வந்தது.

அன்றே ஓசூருக்குப் புறப்பட்டேன்; கிருஷ்ணகிரியைத் தாண்டிப் பஸ்ஸை நிறுத்தினார்கள். கர்நாடக எல்லைக்கு அப்பால் விலை கூடுதல் என்பதால் அந்தப் பக்கம் அரிசி கடத்துவோர் இருந்தார்கள்; ஓசூர் போகும் பஸ்ஸில் மூட்டை என்றாலே கேள்வி. அதிகாரி ஒருவர் ஏறி என் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு குறைச்சலாகவா கடத்துவார்கள் என்ற ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. பிறகு டின்னைத் திறந்தார்.

"இது என்ன?"

"தவிடு சார்."

"யாருக்கு?"

"தங்கச்சிக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சிக்குத் தவிடா? ஏன்யா, சொத்துத் தகராறா?"

பிள்ளை பெற்றவள், பால் இல்லை என்று சொன்னேன். அவர் டின்னை மூடி, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஓசூர் பஸ் நிலையத்தில் ஷிப்ட் முடிந்த கூட்டம். நீலச் சட்டைகள், எண்ணெய்க் கறை, கையில் டிபன் கேரியர். ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திருப்பிக் கன்னடத்தில் முடித்தார்கள். என் பக்கத்தில் நின்ற இருவர் கன்னடத்தில் பேசியதை மொழிபெயர்த்தால் இப்படி வரும்: "ஊருக்குப் போனாயே, அம்மா என்ன சொன்னாள்?" "இளைத்துவிட்டாய் என்றாள்." "போன மாதம்?" "போன மாதமும் அதையேதான் சொன்னாள்."

தங்கையின் கணவர் ராஜேந்திரனுக்கு வண்டி உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் பாகத்தை ரிஜெக்ட் செய்கிறவர். அவருடைய அம்மா நடமாட முடியாதவர். எங்கள் அம்மா உயிரோடு இல்லை. அதனால் பிரசவ வீட்டுப் பத்தியத்தை அவரே லீவு போட்டு நடத்திக்கொண்டிருந்தார், தன் தொழிற்சாலை முறையில். பூண்டு எத்தனை பல், கஞ்சி எத்தனை கரண்டி என்று எல்லாவற்றுக்கும் ஓர் அளவு. ஸ்டவ்வுக்கு மேலே எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

மல்லிகா மெலிந்து, உதடு வெடித்துக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "பூங்கார் கிடைச்சுதாண்ணே?"

நடந்ததைச் சொன்னேன். அவள் வெள்ளை அரிசியையும் தவிட்டு டின்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "எருமை எவ்வளவு தின்னுச்சு?" என்று கேட்டாள். ஒரு கூடை என்றேன். "அப்ப அதுக்குப் போக மிச்சம்தான் எனக்கா?" என்று சிரிக்க ஆரம்பித்து, தையல் வலித்து நிறுத்தினாள்.

அன்றிரவே புட்டு அவித்தோம். புதன்கிழமை குழந்தை பகல் முழுவதும் அழுதது. அழுகை என்று சொல்வதும் சரியில்லை, பூனைக்குட்டியின் முனகல். அடுத்த வீட்டுக் கெம்பம்மா கதவைத் தட்டி, கேழ்வரகுக் கூழை ஒரு சொம்பில் நீட்டிவிட்டு, ராஜேந்திரனைப் பார்த்துக் கன்னடத்தில் படபடத்தார். "குழந்தை பசியில் கத்துகிறது, நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்" என்று அதன் பொருள். ராஜேந்திரன் உண்மையிலேயே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அதற்கு மேல் பொறுக்க முடியாமல், திங்கட்கிழமைக்குக் காத்திராமல், டாக்டரிடம் போனோம்.

அந்த அம்மாளுக்குப் பேச்சில் கன்னட வாடை. குழந்தையின் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். மல்லிகாவின் நாக்கை நீட்டச் சொன்னார்.

"எவ்வளவு தண்ணி குடிக்கிறே?"

"அவரைக் கேளுங்க" என்றாள் மல்லிகா.

டாக்டர் திரும்பினார். ராஜேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காலைல ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் மேடம். பச்சை உடம்புக்குத் தண்ணி குடுத்தா வயிறு பெருத்துடும்னு அம்மா எழுதியிருந்தாங்க" என்றார்.

"பால் எப்போ குடுக்கிறா?"

"நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. கம்பெனி சங்கு ஊதறப்ப ஒண்ணு, அப்புறம் கணக்குப் பண்ணி…"

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். "ஏனப்பா, குழந்தை என்ன உன் ஷிப்டுக்கா வந்திருக்கு? உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். அது கேட்கும்போதெல்லாம் குடுக்கணும். தண்ணி இல்லாம பால் எங்கேருந்து வரும், முனிசிபாலிட்டி குழாயிலிருந்தா?"

ராஜேந்திரனின் கழுத்து சிவந்துவிட்டது. தான் மிகச் சரியாகச் செய்துகொண்டிருந்ததாகத்தான் மனிதர் நம்பியிருந்தார். நான் தவிட்டு விஷயத்தைச் சொல்லி, கொடுக்கலாமா என்று கேட்டேன். "நல்லா சலிச்சதுன்னா குடு. பி விட்டமின் இருக்கு, தப்பில்லே. கேழ்வரகும் குடு. ஆனா அதை நம்பித் தண்ணியை விட்டுடாதே" என்றார். பூங்கார் என்ற பெயரை அவரும் கேட்டதில்லை.

வீடு திரும்பியதும் ராஜேந்திரன் எவர்சில்வர் டம்ளரை எடுத்துப் பரணில் போட்டார். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஒரு குடத்தில் நிரப்பி மல்லிகாவின் தலைமாட்டில் வைத்தார். அவள் ஒரு சொம்பு குடித்தாள், நிறுத்தினாள், இன்னொரு சொம்பு குடித்தாள். ராஜேந்திரன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "விடுங்க, நீங்களும் எனக்காகத்தானே செஞ்சீங்க" என்றாள் அவள்.

வியாழனும் வெள்ளியும் வீட்டில் ஒரே காரியம்தான். குழந்தை சிணுங்கினால் எடுத்து மார்பில் போடுவது. காலையில் தவிட்டுப் புட்டு, பத்து மணிக்குக் கெம்பம்மாவின் கூழ், மதியம் சோறும் பூண்டுக் குழம்பும், இடையிடையே தண்ணீர். தீட்டிய பூங்காரைக் கலாதான் விரும்பிச் சாப்பிட்டாள். நான் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நடந்து தொழிற்சாலைச் சுவர்களைப் பார்த்துவிட்டு வருவேன். சனிக்கிழமை காலை நடையிலிருந்து திரும்பியபோது மல்லிகாவின் ரவிக்கை நனைந்திருந்தது. அதைப் பார்த்து அவள் வெட்கப்படவில்லை. "அண்ணே, வழியுதுண்ணே" என்றாள், ஏதோ பரிசு விழுந்ததைச் சொல்வதுபோல.

27ஆம் தேதி மருத்துவமனையில் நீண்ட வரிசை. தராசுத் தட்டில் ஒரு துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். அது கையையும் காலையும் உதைத்ததில் முள் நிற்கவில்லை. மல்லிகா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. நர்ஸ் குழந்தையின் நெஞ்சில் கையை மெதுவாக வைத்து, எடுத்தார். முள் நின்றது. போன தடவையைவிட மேலே நின்றது. பிறந்த எடைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. டாக்டர் அம்மாள் பார்த்துவிட்டு, "டின் வேண்டாம், போ" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வேப்பமரத்தடியில் விவாதம் தொடங்கிவிட்டது. தவிட்டில் ஒட்டியிருந்த பூங்கார்தான் என்றார் ராஜேந்திரன். அவர் அம்மாவுக்கு அன்றே கடிதம் எழுத வேண்டும். கூடவே வந்திருந்த கெம்பம்மா, கேழ்வரகைத் தவிர வேறு எதற்கும் இவ்வளவு சீக்கிரம் பால் ஊறாது என்று கன்னடத்தில் சொன்னார். நான் தண்ணீரையும், மணி பார்க்காமல் பால் கொடுத்ததையும் சொன்னேன்.

மல்லிகா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானைக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குக் காரணம் வேணும்னா நீங்க மூணு பேரும் பேசிக்கிட்டு இருங்க. எனக்கு ஒரு சோடா வாங்கித் தாங்க" என்றாள்.

ராஜேந்திரன் ஓடினார்.

அன்றிரவு ரயிலில் இதை எழுதத் தொடங்கியபோது, பூங்காருக்குப் பால் சுரக்கவைக்கும் குணம் உண்டு என்று எழுதுவதற்குப் பேனா போனது. எழுதவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டோம். அந்தத் தவிட்டில் பூங்கார் எவ்வளவு, பொன்னி எவ்வளவு என்பதுகூடத் தெரியாது. முள் ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். எதனால் ஏறியது என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.